கவிழ்த்துப் பார்த்த பாட்டில்

2007ஆம் ஆண்டு தை மாதத்தில் தொடங்கி மாசியில் முடிந்த சங்கதி இது. நடந்த இடம் புதுச்சேரி, லாஸ்பேட்டை. என் வீட்டு கேட்டிலிருந்து நாற்பத்திரண்டு எட்டு வைத்தால் என் நண்பர் வீட்டு கேட் வரும். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான், என் அறுபத்தெட்டாவது வயதில், நான் செய்த ஒரு பெரிய தவறு எனக்குத் தெரியவந்தது.

எட்டுகளை எதற்கு எண்ண வேண்டும் என்று கேட்பீர்கள். எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. எங்கள் மாடிப்படி பதினேழு. காலை மாத்திரை நான்கு, இரவு மூன்று. காஸ் சிலிண்டரை மூடினேனா என்று மூன்று முறை பார்ப்பேன். மூன்றாவது முறை பார்த்தேனா என்ற சந்தேகத்தில் நான்காவது முறையும் போவேன். "உங்களுக்குப் பதிலா எங்கப்பா என்ன ஒரு கரண்ட் மீட்டருக்குக் கட்டிக் குடுத்திருக்கலாம், அது எழுந்து நடக்காமலே ராத்திரியெல்லாம் எண்ணும்" என்பாள் என் மனைவி.

என் வேலையும் அப்படிப்பட்டதுதான். கலால் துறையில் இருந்தேன். மது அடைக்கும் ஆலைகளில் அரசாங்கத்தின் சார்பில் உட்கார்ந்து சரிபார்ப்பவர்களில் ஒருவன். அடைத்த பெட்டிகளிலிருந்து சில பாட்டில்களை உருவி எடுத்து, வெள்ளை விளக்கு எரியும் பலகைக்கு முன்னால் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். உள்ளே தூசியோ மண்டியோ இருந்தால் மெல்ல மிதந்து இறங்கும். இறங்கினால் தள்ளுபடி. பீர் என்றால் இன்னொரு விதியும் உண்டு. அடைத்து ஆறு மாதம் தாண்டினால் அது ஆகாது. இப்படி முப்பத்தோரு ஆண்டுகள் கவிழ்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

இத்தனை ஆண்டுகளில் ஒரு சொட்டுகூட நான் வாயில் வைத்ததில்லை. யாருக்கும் சத்தியம் செய்து கொடுத்ததால் அல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், "இங்க வந்தவன்ல குடிக்காதவன் எவனும் இல்ல" என்று ஒருவர் சொன்னார். அந்த இல்லாத ஒருவனாக நான் இருந்துவிடுவது என்று முடிவு செய்தேன். பிறகு அதுவே பெருமையாகிவிட்டது. தெருவுக்குத் தெரு சாராயக்கடையும் பிராந்திக்கடையும் இருக்கும் ஊரில், மதுவுக்கு நடுவிலேயே உட்கார்ந்து வேலை பார்த்த என் கணக்கு பூஜ்யம். கல்யாண வீடுகளில் உறவினர்கள் என்னைக் காட்டி இதைச் சொல்லும்போது நான் வேறு பக்கம் பார்ப்பேன், ஆனால் காது அங்கேதான் இருக்கும்.

என் நண்பர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களைச் 'சொல்தா' என்பார்கள். பத்தொன்பது வயதில் கப்பல் ஏறிப் போய், பல நாடுகளில் இருந்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். முதுகு வளையாது, சட்டையில் மடிப்பு கலையாது. பிரெஞ்சு மரியாதைப்படி நான் அவரை 'முசியே' என்பேன், அவர் மனைவியை 'மதாம்' என்பேன். அவர் என்னை 'இன்ஸ்பெக்டரே' என்று கூப்பிடுவார். நான் ஒருநாளும் இன்ஸ்பெக்டராக இருந்ததில்லை என்று பலமுறை சொல்லியும் அவர் கேட்கவில்லை.

எங்களுக்குப் பழக்கம் ஏற்பட்டது பெத்தாங் ஆடும் இடத்தில். மண் தரையில் ஒரு சின்ன மரக்குண்டைப் போட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் விழுகிற மாதிரி இரும்புக் குண்டுகளை வீசுகிற பிரெஞ்சுக்கார விளையாட்டு அது. மாலை வேளையில் ஓய்வு பெற்றவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஆடுவார்கள். நான் ஆடமாட்டேன், இடுப்பு வலி. எந்தக் குண்டு அருகில் என்று தகராறு வரும்போது டேப்பை எடுத்து அளப்பது மட்டும் என் வேலை. "இன்ஸ்பெக்டர் அளந்துட்டாருன்னா அப்பீல் கெடையாது" என்று நண்பர்தான் முதலில் சொன்னார். அது அங்கே சட்டமாகிவிட்டது.

அவருக்கு ஒரே மகன். தன்னைப் போலவே அவனும் ராணுவத்தில் இருக்க வேண்டும் என்று நண்பர் ஆசைப்பட்டார். அவனும் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தான். இரண்டு வருடம் முடிவதற்குள் விட்டுவிட்டு வடக்கே ஏதோ ஒரு ஊரில் பீர் காய்ச்சும் சின்ன ஆலையில் பீப்பாய் கழுவும் வேலைக்குப் போனான். அன்றிலிருந்து நண்பர் மகனோடு பேசுவதில்லை. ஏழு வருடம். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு, அங்கே பகல் பன்னிரண்டு, அவனிடமிருந்து போன் வரும். மதாம் பேசுவார். நண்பர் எழுந்து வாசலுக்குப் போய் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவார். அந்த வாசலில் இருந்த ஒன்பது தொட்டிகளில் இரண்டு, தண்ணீர் அதிகமாகியே அழுகிப்போயின.

அந்தத் தை மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் பிரான்சிலிருந்து வந்த உறவினர் கையில் மகன் இரண்டு பாட்டில்கள் கொடுத்தனுப்பியிருந்தான். கார்க் அடைத்து, கம்பி கட்டிய பெரிய பாட்டில்கள். பீப்பாய் கழுவியவனைச் சில வருடங்களுக்கு முன் காய்ச்சுகிறவனாக ஆக்கியிருந்தார்களாம். அவன் தன் பொறுப்பில் காய்ச்சிய முதல் பீர் அது. கொன்யாக் என்ற பிரெஞ்சு பிராந்தி இருந்து காலியான மரப் பீப்பாயில் ஊற்றி, மாதக்கணக்கில் கிடப்பில் போட்டு எடுத்த காட்டமான பீர். அவன் பங்குக்கு வந்தவை நான்கே பாட்டில்கள். அவற்றில் இரண்டைத்தான் இங்கே அனுப்பியிருந்தான். கூடவே அம்மாவுக்குச் சொல்லியனுப்பிய ஒரு வரி: "அப்பா குடிச்சுப் பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லட்டும்."

அடுத்த நாள் காலையில் நண்பர் ஒரு பாட்டிலை மட்டும் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"இன்ஸ்பெக்டரே, இதுக்கு நீங்கதான் தீர்ப்பு சொல்லணும். நான் நல்லாயில்லன்னு சொன்னா, பழைய கோவத்துல சொல்றேன்னு வீட்டுல அவ சண்டைக்கு வருவா. நல்லாருக்குன்னு சொன்னா நான் எறங்கிப் போனதா ஆயிடும். உங்களுக்கு ரெண்டும் கெடையாது. பாத்து உள்ளத சொல்லுங்க."

"முசியே, நான் குடிக்கறதில்ல."

"குடிக்கவா சொன்னேன்? செக் பண்ணுங்க. முப்பது வருஷமா குடிச்சா செக் பண்ணீங்க?"

முப்பத்தொன்று என்று திருத்தினேன். உள்ளுக்குள் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதை இப்போது மறைக்கக் கூடாது. ஓய்வு பெற்று எட்டு வருடங்கள். என் வேலையைச் செய்யச் சொல்லி யாரும் என்னிடம் வந்ததில்லை.

பீர் என்பதால் பாட்டிலை நேராக ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஒரு நாள் முழுக்கக் குளிர்ந்தது. மறுநாள் எடுத்து வந்து குளியலறை டியூப்லைட்டுக்கு முன்னால் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தேன். கறுப்புக் கண்ணாடிதான், ஆனாலும் தெரிந்தது. அடியில் படிந்திருந்த ஏதோ ஒன்று கிளம்பி, புகை மாதிரி பாட்டில் முழுக்கப் பரவியது. மண்டி. குற்றம் ஒன்று.

லேபிளைப் பார்த்தேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் எண்ணுக்கு எந்த மொழியானால் என்ன? 75 என்று இருந்தது, அளவு. 11 என்று இருந்தது, காட்டம். ஒரு மாதமும் வருடமும் இருந்தன, அடைத்த தேதி. அன்றோடு இரண்டு வருடமும் ஒரு மாதமும் ஆகியிருந்தன. ஆறு மாத விதிக்கு நான்கு மடங்குக்கு மேல். குற்றம் இரண்டு. பின்பக்கம் பொடி எழுத்தில் நான்கைந்து வரிகள் இருந்தன. அவற்றில் எண் எதுவும் இல்லை. அதனால் விட்டுவிட்டேன்.

கார்க்கைத் திருகி எடுத்தேன். பெரிதாகச் சத்தம் வரவில்லை. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன். நுரை ஒரு விரல் உயரம்கூட எழவில்லை, எழுந்ததும் பத்து எண்ணுவதற்குள் அடங்கிவிட்டது. கலங்கலாக, குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்தது. மோந்து பார்த்தேன். சில்லிட்டுப் போயிருந்ததால் வாசனை அதிகமில்லை. பூட்டிக் கிடந்த மர அலமாரியைத் திறந்தாற்போல் லேசாக ஒரு வாடை. குற்றம் மூன்று.

ஒரு குற்றம் இருந்தாலே தள்ளுபடி. மூன்று இருந்தன. டம்ளரில் இருந்ததையும் பாட்டிலில் இருந்ததையும் குளியலறைத் துவாரத்தில் ஊற்றி, இரண்டு வாளி தண்ணீர் விட்டுக் கழுவினேன். தள்ளுபடியானதை உடனே அழித்துவிட வேண்டும், அதுவும் விதி.

அது ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலே காலுக்கே நண்பர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். மூன்று குற்றங்களையும் வரிசையாக, விரல் மடக்கிச் சொன்னேன். மதாம் முந்தானையால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நண்பர் முகத்தில் முதலில் ஒரு திருப்தி தெரிந்தது. அப்புறம் அது எங்கோ போய்விட்டது. அதை நான் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

நாலரைக்கு போன் மணி அடித்தது. மதாம் எடுத்து இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நண்பர் கையை நீட்டி ரிசீவரை வாங்கினார். ஏழு வருடத்தில் முதல் தடவை.

"பாட்டில் வந்துச்சு. கெட்டுப் போயிருக்கு. செக் பண்ற ஆளே பாத்துட்டு சொல்லிட்டாரு."

அவ்வளவுதான். ரிசீவரை மனைவியிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். மதாம் "அலோ, அலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுமுனையில் வைத்துவிட்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மதாம் தானே போட்டுப் பார்த்தால் இயந்திரக் குரல்தான் பேசியது. மூன்றாவது ஞாயிறு, நான்காவது ஞாயிறு. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், எண்ணுவதைத் தவிர வேறென்ன எனக்குத் தெரியும்? விளையாட்டு இடத்துக்கு நண்பர் வருவது குறைந்தது. வந்தாலும் குண்டை வீசிவிட்டு அது எங்கே விழுந்தது என்று பார்க்காமல் நின்றார். ஒருநாள் அளந்து சொன்னபோது, "ஆமாங்க இன்ஸ்பெக்டரே, நீங்க சொன்னா சரிதான்" என்றார். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அன்றிரவு காஸ் சிலிண்டரை ஆறு முறை பார்த்தேன்.

ஐந்தாவது ஞாயிறு, மாசி மாத வெயில். பகல் மூன்று மணிக்கு மதாம் எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வரமாட்டார். கையில், சாய்க்காமல் நிமிர்த்திப் பிடித்த துணிப்பை. அதிலிருந்து இரண்டாவது பாட்டிலை எடுத்து மேசைமேல் நிற்க வைத்தார். கோபத்தில் கணவர் தூக்கி எறிந்துவிடுவார் என்று பயந்து பட்டுப்புடவைகளுக்கு நடுவில் நிற்க வைத்து ஒளித்திருந்தாராம். அன்று எதற்கோ புடவையை எடுக்கப் போனவர் அதன் பின்பக்கத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்திருக்கிறார்.

"அண்ணே, அந்த பாட்டில்லயும் பின்னாடி இதே மாதிரி எழுதியிருந்துச்சா?"

"இருந்துச்சு மதாம். பிரெஞ்சு."

"படிச்சீங்களா?"

"எனக்குப் பிரெஞ்சு தெரியாதே."

"நாப்பத்திரண்டு எட்டுல எங்க வீடு. நீங்கதான் எண்ணி வெச்சிருக்கீங்க. வந்து கேட்டிருக்கலாமில்ல?"

 அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் அவர். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறவர் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"இது பாட்டிலுக்குள்ள உசுரோட இருக்கற பீரு. அடியில மண்டி தங்கும், அது அப்படித்தான் இருக்கணும். கவிழ்க்காதீங்க, ஆட்டாதீங்க. ஒருநாள் நிக்க வெச்சு, மெதுவா ஊத்தி, கடைசி ஒரு வெரக்கட அளவ பாட்டில்லயே விட்டுடுங்க. ரொம்ப சில்லுனு குடிக்காதீங்க, வாசன வராது. நொர கம்மியாத்தான் இருக்கும். அவசரமில்ல, பத்து வருஷம் வரைக்கும் வெக்கலாம்."

"பத்தா? பத்துன்னு எங்க இருக்கு?"

காட்டினார். அந்தப் பத்து எழுத்தால் எழுதப்பட்டிருந்தது.

என் மூன்று குற்றங்களும் அந்த நான்கைந்து வரிகளுக்குள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவன் முன்கூட்டியே பதில் சொல்லி வைத்திருந்தான். நான் ஒன்றை விடாமல் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்திருக்கிறேன். கவிழ்த்தேன், சில்லிட வைத்தேன், ஆறு மாத விதியைக் காட்டினேன். அவனுடைய நான்கு பாட்டிலில் ஒன்றைக் குளியலறைத் துவாரத்தில் ஊற்றினேன். அதைவிட மோசம், ஏழு வருடமாகப் பேசாத தகப்பன் மகனிடம் பேசிய முதல் வார்த்தையை நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"நான் வந்து முசியேகிட்ட சொல்றேன்" என்றேன்.

"என்னா சொல்வீங்க? லேபிள்ல இப்படி இருக்குன்னா? அவரு கேக்க மாட்டாரு. லேபிள எழுதினவன் அவன்தானே, கெட்டுப்போனத மூடி மறைக்க எழுதியிருக்கான்னு சொல்வாரு. நீங்க செக் பண்ணதுலதான் அவரு நிக்கறாரு. நீங்களேதான் அந்தத் தீர்ப்ப திருப்பி எடுக்கணும்."

எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருக்கும், ஆனால் வாய்விட்டுக் கேட்கவில்லை. என் பூஜ்யத்தைப் பற்றி அவருக்குத் தெரியும்.

உள்ளே போய் மனைவியிடம் சொன்னேன். அவள் சன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அம்பது வருஷமா குடிக்காதவரு, குடிக்கறதுக்கு எங்கிட்ட லீவு கேக்கறீங்களா?"

"ஒரு வாய்தான். பி.பி. மாத்திர போட்டு எட்டு மணி நேரம் ஆவுது. என்னா ஆவுமோ தெரியல."

"ஒரு வாயில ஒண்ணும் ஆவாது. அந்தப் புள்ள அஞ்சு வாரமா போன் பண்ணல, அதுக்கு என்னா ஆவுமோன்னு பயப்படுங்க. போயிட்டு வாங்க."

நண்பர் சாய்வு நாற்காலியில் செய்தித்தாள் வைத்துக்கொண்டிருந்தார். பாட்டிலைப் பார்த்ததும் முகம் இறுகியது. நான் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொன்னேன்.

"முசியே, நான் அளந்தது தப்பு. திரும்ப அளக்கணும்."

"அப்பீல் கெடையாது இன்ஸ்பெக்டரே."

"அளந்தவனே கேட்டா உண்டு."

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். எழுந்து மேசைக்கு வந்தார். மதாம் மூன்று பெரிய கண்ணாடித் தம்ளர்களை வைத்தார். கார்க்கை எடுத்து, பாட்டிலை லேசாகச் சாய்த்து, கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற மாதிரி அவ்வளவு மெதுவாக ஊற்றினார். கடைசியில் ஒரு விரக்கடை அளவு பாட்டிலிலேயே நின்றது.

தம்ளரைத் தூக்கி சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பழக்கம், விடவில்லை. கலங்கல் இல்லை. பால் சேர்க்காத காப்பி டிக்காஷன் நிறம், ஓரத்தில் மட்டும் மாதுளை முத்துச் சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனேன். அன்று குளியலறையில் வராத வாசனைகள் எல்லாம் வந்தன. அடிப்பிடித்த வெல்லப்பாகு, உலர்ந்த திராட்சை, மழையில் நனைந்த மரம். எல்லாவற்றுக்கும் பின்னால் பிராந்தி. பிராந்தி வாசனை எனக்கு முப்பத்தோரு வருடத்துப் பழக்கம். ஆலையில் அது முகத்தில் வந்து அறையும். இங்கே அப்படி இல்லை. ஒரு வீட்டில் வெகுகாலம் இருந்தவர் காலி செய்துவிட்டுப் போன பிறகும், சுவரில் அவர் வாசனை மிச்சமிருக்குமே, அந்த மாதிரி இருந்தது.

நண்பர் தம்ளரைத் தொடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குடித்தேன்.

முதலில் கசப்பு. துப்பிவிடலாமா என்று தோன்றியது. அதற்குள் கசப்புக்கு அடியிலிருந்து ஓர் இனிப்பு எழுந்து வந்தது. விழுங்கிய பிறகு தொண்டையில் சுக்கு மாதிரி ஒரு சூடு. அது நெஞ்சுக்கு இறங்கி அங்கேயே நின்றது. வாயிலிருந்த ருசி போக எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணினேன். இருபத்தாறு எண்ணினேன், இன்னும் மிச்சமிருந்தது. எனக்குப் பிடித்தது என்று சொன்னால் பொய். ஆனால் ஒரு பொருளைக் கெட்டுப்போக விட்டவனால் இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக ருசியை அடுக்கி வைக்க முடியாது. அது குடிக்கத் தெரியாத எனக்கே தெரிந்தது.

"முசியே, இது கெட்டுப்போனதில்ல. அன்னிக்கி நான் பாட்டில கவிழ்த்தேன், கலங்கிப்போச்சு. கலக்கினது நானு, குத்தம் அவன்மேல போட்டேன்."

நண்பர் தம்ளரை எடுத்தார். உடனே குடிக்கவில்லை. மோந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார். பிறகு ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"குளிர்காலத்துல கேம்ப்ல காவலுக்கு நிப்போம். விடியக்காத்தால ஒரு மூடி கொன்யாக் ஊத்துவாங்க. மேலே மரம், உள்ளே நெருப்பு. அந்த வாசன." கண்ணைத் திறந்து, "இத இவன் எங்க புடிச்சான்?" என்றார்.

"கழுவின பீப்பாயிலதான்" என்றார் மதாம்.

நண்பர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் மறுபடி தம்ளரைத்தான் பார்த்தார்.

மணி நாலரை ஆனது. மூவரும் போனைப் பார்த்தோம். அடிக்கவில்லை. நாலு முப்பத்தைந்து. நாலு நாற்பது. அந்தப் பத்து நிமிடத்தை நான் எண்ணியது போல வேறெதையும் எண்ணியதில்லை.

"நம்பரப் போடுங்க மதாம், நான் பேசறேன்" என்றேன். மூன்று முறை இயந்திரக் குரல். மூன்றாவது முறை அந்தக் குரல் முடிந்து 'கீ' என்ற சத்தம் வந்ததும், வைக்காமல் பேசினேன். நான் யார், என்ன வேலை பார்த்தேன், என்ன செய்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கவிழ்த்ததைச் சொன்னேன், ஃப்ரிட்ஜில் வைத்ததைச் சொன்னேன், துவாரத்தில் ஊற்றியதையும் சொன்னேன். "தம்பி, ஒன் பீரு நல்லாருக்கு. அன்னிக்கி சொன்னது ஒங்கப்பா இல்ல, நானு" என்று சொல்லும்போது நடுவில் யாரோ எடுக்கும் சத்தம் கேட்டது.

 பிறகு ஒரு குரல். தமிழ்தான், கொஞ்சம் பிரெஞ்சு இழுப்போடு.

"இன்னிக்கி எத்தன டிகிரில குடிச்சீங்க மாமா?"

என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன வெப்பமானி இருக்கும். எடுத்துப் பார்த்துச் சொன்னேன். "ரூம் இருவத்தெட்டு இருக்கு தம்பி."

"அய்யோ, அது ஜாஸ்தி. அன்னிக்கி சில்லுனு, இன்னிக்கி சூடு. நடுவுலதான் குடிக்கணும்." சிரிக்கிறானா என்று தெரியவில்லை. பிறகு மெல்லக் கேட்டான், "அப்பா குடிச்சாரா?"

திரும்பிப் பார்த்தேன். நண்பர் பாட்டிலைச் சாய்த்துக்கொண்டிருந்தார். விட்டுவிடச் சொன்ன அந்தக் கடைசி ஒரு விரக்கடையையும் தன் தம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மண்டியக்கூட விடல தம்பி" என்றேன்.

 ரிசீவரை நண்பரிடம் நீட்டினேன். வாங்குவாரா என்று எனக்கு நிச்சயமில்லை. வாங்கினார். நிமிர்ந்த முதுகோடு, மேலதிகாரிக்குப் பதில் சொல்கிறவர் போல நின்றுகொண்டு கேட்டார்:

"பீப்பாயில எத்தன மாசம் வெச்ச?"

அவன் பதில் சொல்லத் தொடங்கியதும் நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். மதாம் வாசல்வரை வந்தார். காலியான பாட்டிலைத் துணிப்பையில் போட்டு என் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவி முதலில் என் வாயை மோந்து பார்த்தாள். "மரக்கட மாதிரி இருக்கு" என்றாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். நண்பர் பிடிவாதக்காரர். அந்த வருடத்தில் மிச்சமிருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பதினான்கு முறைதான் மகனோடு பேசினார். மற்ற ஞாயிறுகளில் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினார். ஆனால் பேசியபோதெல்லாம் பீப்பாயைப் பற்றித்தான் கேட்டார். விளையாட்டு இடத்தில் ஒரு புதிய சட்டமும் வந்தது. அளந்தவர் கேட்டால் அப்பீல் உண்டு. நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன்.

அந்த ஒரு வாய்க்குப் பிறகு நான் மறுபடி குடிக்கவில்லை. குடிக்க வேண்டும் என்று தோன்றவுமில்லை. இப்போது என் கணக்கு ஒன்று. கல்யாண வீடுகளில் உறவினர்கள் பழையபடி பூஜ்யம் என்று சொன்னால், திருத்திவிடுகிறேன்.

காலிப் பாட்டில் என் மேசைமேல் நிற்கிறது. பின்பக்கத்து வரிகளை மதாமிடம் கேட்டுத் தமிழில் எழுதி அதன்மேல் ஒட்டியிருக்கிறேன். யாராவது தங்கள் மகனைப் பற்றியோ மருமகளைப் பற்றியோ குற்றங்களை அடுக்கிக்கொண்டு வந்து, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று என் முன்னால் உட்காரும்போது, என் கை அந்தப் பாட்டிலுக்குப் போகிறது. கவிழ்த்துப் பார்க்கும் பழக்கம் முப்பத்தோரு வருடத்தில் வந்தது, எளிதில் போகாது. ஆனாலும் இப்போதெல்லாம் எதையும் முதலில் ஒருநாள் நிற்க வைக்கிறேன். கலங்கலாகத் தெரிவது அதற்குள்ளேயே இருந்ததா, என் கை பட்டதால் வந்ததா என்று தெரிய அந்த ஒருநாள் வேண்டியிருக்கிறது.